ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள்

என் மகளுக்கு ஆறரை வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. இதை எழுதிவிட வேண்டும் என்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நர்சிங் ஹோம் வாசலில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தது கண்முன் வரும், எழுந்து போய்விடுவேன். போன வாரம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி, தன் பையனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்ததாகவும், சி.டி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டதாகவும் நிம்மதியோடு சொன்னாள். பையன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். ஓடி விளையாடுகிறானாம். அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்த "ஒன்றும் இல்லை" என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று இன்று எழுதுகிறேன்.

எங்களுக்கு மதுரைக்கு மேற்கே ஒரு சிறிய ஊர். கணவர் நாக்பூர்ப் பக்கம் முறுக்குக் கம்பெனியில் வேலை செய்கிறார். வீட்டில் நான், மாமியார், பாப்பா மூன்று பேர்தான். நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். ஒரு புதன்கிழமை இரவு அவளுக்குக் காய்ச்சல் வந்தது, ஒருமுறை வாந்தியும் எடுத்தாள். பாராசிட்டமால் கொடுத்தேன். வியாழக்கிழமை பகல் முழுவதும் தூங்கினாள். எழுப்பினால் ஏதோ சம்பந்தமில்லாமல் பேசினாள். அப்பத்தாவைப் பார்த்து "டீச்சர்" என்றாள். சோறு ஊட்டப் போனால் "நாற்றம் அடிக்கிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சல் ஜன்னி என்று மாமியார் சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்தேன். சாயங்காலம் தூக்கிக்கொண்டு போய் மந்திரித்துவிட்டு வந்தோம். அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் போயிருக்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. காய்ச்சலில் சோர்ந்து கிடப்பது ஒன்று, ஆள் அடையாளம் மாறிப் பேசுவது வேறொன்று. காய்ச்சல் இறங்கிய நேரத்திலும் குழந்தை தெளியவில்லை என்றால், பேச்சோ நடத்தையோ வேறு பிள்ளை மாதிரி இருக்கிறது என்றால், மறுநாள் காலை வரை காத்திருக்காதீர்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு அவளுடைய வாயின் வலது ஓரம் இழுத்தது. பிறகு வலது கை வெட்டியது. மூன்று நிமிடம் இருக்கும். மாமியார் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், நான் வாயில் கரண்டியை வைக்கப் பார்த்தேன். இரண்டும் தவறு. வலிப்பு வரும்போது ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. எனக்கு இது தெரிந்தது பின்னால்தான்.

பக்கத்து ஊரில் ஒரு நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மதியம் படம் வந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஸ்கேன் நார்மல் அம்மா, காய்ச்சலில் வந்த வலிப்புதான், பயப்பட வேண்டாம்" என்றார். அந்தக் கணம் எனக்கு அவர் காலில் விழ வேண்டும் போல் இருந்தது. ஸ்கேனுக்கு 2,600 ரூபாய் உட்பட மொத்தம் 11,400 ரூபாய் கட்டிவிட்டு, கண்ணைத் திறக்காமல் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மருந்து மயக்கம், காலையில் சரியாகிவிடும் என்றார்கள். மூளையையே படம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள், இனி என்ன என்று நினைத்து, இரண்டு நாளில் முதல்முறையாக அன்று இரவு நான் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அப்போது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்பது ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு வருவது. வந்தால் உடம்பு முழுவதும் வெட்டும், கொஞ்ச நேரத்தில் பிள்ளை தெளிந்து பழையபடி பேசும். என் மகளுக்கு வயது தாண்டிவிட்டது, ஒரு பக்கம் மட்டும் வெட்டியது, பன்னிரண்டு மணி நேரமாகியும் தெளியவில்லை. அப்படியானால் இது எப்படிக் காய்ச்சல் வலிப்பாகும் என்பது முதல் கேள்வி. மூளைக்காய்ச்சலாக இருந்தால் இந்தப் படத்தில் இன்றைக்கே தெரிந்துவிடுமா என்பது இரண்டாவது. தெரியாது என்பதுதான் உண்மையான பதில். சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் பெரிய கட்டியையும் பெரிய வீக்கத்தையும் சீக்கிரம் காட்டிவிடும். வைரஸ் வந்து மூளைத் திசு வீங்கத் தொடங்கும் முதல் இரண்டு மூன்று நாளில் அது வெறுமையாகவே இருக்கலாம்.

சனிக்கிழமை விடியற்காலை மறுபடி வலிப்பு வந்தது. இம்முறை நிற்கவே இல்லை. 108 வண்டியில் ஏற்றி, மூக்கில் மருந்து அடித்து நிறுத்தினார்கள். மதுரையில் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மணி ஏழு. அங்கே பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் என்னிடம் முதலில் கேட்டது படத்தை அல்ல. "வலிப்புக்கு முன்னால் பாப்பா எப்படிப் பேசினாள்?" என்று கேட்டார். டீச்சர் என்று அழைத்ததையும் நாற்றம் அடிக்கிறது என்றதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. சி.டி. படத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நேற்றைய படம் அம்மா. நேற்று இதில் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்றார். பரிசோதனை முடிவு எதுவும் வருவதற்கு முன்பே, ஒரு மணி நேரத்துக்குள், அசைக்ளோவிர் என்ற மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மூளைக்காய்ச்சலுக்குக் காரணம் ஹெர்ப்பஸ் என்ற வைரஸ் என்று சந்தேகம் வந்தாலே அந்த மருந்தைத் தொடங்க வேண்டுமாம். வேறு காரணம் என்று தெரிந்தால் பிறகு நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் காந்தத்தால் மூளையை இன்னும் நுணுக்கமாகப் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்காகக் காத்திருந்து ஒரு நாள் போய்விட்டால் அந்த நாளைத் திருப்பித் தர யாராலும் முடியாது. "படம் எடுத்துவிட்டு மருந்து ஆரம்பிக்கலாம்" என்று யாராவது சொன்னால், இரண்டையும் சேர்த்தே செய்ய முடியாதா என்று கேளுங்கள்.

அடுத்து முதுகில் நீர் எடுக்கக் கையெழுத்துக் கேட்டார்கள். எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்று வராண்டாவில் இருந்த நான்கு பேர் சொன்னார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நாற்பது நிமிடம் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். எடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. மூளையைச் சுற்றி ஓடும் நீர்தான் முதுகுத் தண்டிலும் இருக்கிறது, அதில்தான் வைரஸைத் தேட முடியும். ஊசி போடும் இடம் தண்டுவடம் முடிந்த பிறகு, கீழே இருக்கிறது. இதை ஒரு நர்ஸ் தன் இடுப்பிலேயே தொட்டுக் காட்டி விளக்கிய பிறகுதான் எனக்குக் கை வந்தது.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதிகம் தடுமாறியது அங்கேதான். மருத்துவமனை இயந்திரத்துக்கு அன்று பெரிய வரிசை இருந்ததால் வெளியே ஒரு மையத்தில் எடுக்க ஏற்பாடு செய்தார்கள். பெரியவர்கள் அரை மணி, முக்கால் மணி நேரம் அசையாமல் படுத்திருப்பார்கள். குழப்பத்தில் இருக்கும் குழந்தை படுத்திருக்காது, மயக்க மருந்து கொடுக்க வேண்டும். அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். இரவு ஏழு மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். ஐந்து மணிக்கு அவள் லேசாகக் கண் திறந்தாள். இரண்டு நாளாகப் பட்டினி கிடக்கிறாளே என்று, யாரிடமும் கேட்காமல், அரை டம்ளர் பாலைக் கரண்டியால் ஊட்டிவிட்டேன். அதனால் படம் இரவு பதினொரு மணிக்குத் தள்ளிப்போயிற்று. பாலுக்கு ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டுமாம். அதைவிடப் பெரிய ஆபத்து, நினைவு தெளியாத பிள்ளைக்கு ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடலாம். அந்த டாக்டர் என்னைத் திட்டவில்லை. "மறைக்காமல் சொன்னீர்களே, அதுவே போதும்" என்றார். மருந்து ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால் அந்த நான்கு மணி நேரம் உயிரைக் குடிக்கவில்லை.

அந்த அறைக்குள் இரும்பு எதுவும் போகக் கூடாது, பெரிய காந்தம். கொலுசு, வளையல், அரைஞாண் எல்லாம் கழற்றினேன். தோடு மட்டும் வரவில்லை. பிறந்த வருடம் போட்டது, திருகு இறுகிப்போயிருந்தது. நர்ஸ் நூலைச் சுற்றிப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் தேங்காய் எண்ணெய் விட்டு, என் பல்லால் திருகைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, விரலால் தோட்டைத் திருப்பினேன். இருபது நிமிடம் ஆயிற்று. அப்படியும் உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் உதவியாளர் ஒருவர் பாவாடையைத் தடவிப் பார்த்து, உள்மடிப்பில் இருந்த ஊக்கைக் கண்டுபிடித்தார். வியாழக்கிழமை மந்திரித்துவிட்டு வந்து, பயம் அண்டக் கூடாது என்று மாமியார் குத்தியது. மயக்கம் கொடுக்கும் வரை கூட இருக்க என்னையும் உள்ளே விட்டார்கள். தாலிச் சங்கிலி, மெட்டி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றக் கை நடுங்கியது. ஒரு மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சங்கிலியைக் கைக்குட்டையில் முடிந்தேன். அதை யாரிடம் கொடுப்பது? முன்பின் தெரியாத ஆம்புலன்ஸ் டிரைவரிடம்தான் கொடுத்தேன். பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார், அவர் நன்றாக இருக்க வேண்டும். ஆனால் நீங்கள் போகும்போது, நகையும் பையும் பிடித்துக்கொள்ள ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் பிள்ளையாக இருந்தால் தோட்டை வார்டிலேயே கழற்றிவிடுங்கள். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதை எண்ணிப் பயந்து வேண்டாம் என்று சொன்ன ஒரு தகப்பனை அங்கேயே பார்த்தேன்.

படத்தில் மூளையின் இடது பொட்டுப்பகுதி, அதாவது காதுக்கு உள்பக்கம், வெள்ளை வெளேரென்று இருந்தது. திசுவுக்குள் நீரின் நகர்வைப் பார்க்கும் ஒரு வகைப் படம் உண்டு, அதில்தான் முதலில் தெரியும் என்று டாக்டர் சொன்னார். ஹெர்ப்பஸ் வைரஸ் பெரும்பாலும் பிடிக்கும் இடம் அது. பக்கத்துக் கட்டில் பையனுக்கு மூளையின் நடுவில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுத்திருந்தது. அவனுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல். கொசு மூலம் வருவது, அதற்கென்று வைரஸ் மருந்து இல்லை, ஆனால் தடுப்பூசி இருக்கிறது. இந்த நோய் உள்ள மாவட்டங்களில் ஒன்பது மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும் இலவசமாகப் போடுகிறார்கள். உங்கள் பிள்ளையின் அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள். அந்தப் பையனின் அம்மாவும் நானும் ஒரே பாயில் படுத்து எழுந்தோம்.

முதுகில் எடுத்த நீரில் வைரஸின் மரபணுவைத் தேடுவதுதான் பி.சி.ஆர். பரிசோதனை. முதல்முறை அதில் ஹெர்ப்பஸ் இல்லை என்று வந்தது. அப்படியானால் மருந்தை நிறுத்திவிடலாமா என்று நானே கேட்டேன். ஊசி குத்திக் குத்தி அவள் கை இரண்டும் வீங்கிக் கிடந்தன, எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. பெரிய டாக்டர் வந்து, "முதல் மூன்று நாளுக்குள் எடுத்த நீரில் வைரஸ் பிடிபடாமல் போகலாம். படம் இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது நான் நிறுத்த மாட்டேன்" என்றார். ஐந்தாம் நாள் மறுபடி நீர் எடுத்தார்கள். இருக்கிறது என்று வந்தது. அந்த எம்.ஆர்.ஐ. எடுக்காமல் இருந்திருந்தால், முதல் முடிவை நம்பி மருந்தை நிறுத்தச் சொல்லி நான் சண்டைகூடப் போட்டிருப்பேன்.

அசைக்ளோவிரை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்ற வேண்டும். 21 நாள். வேகமாக ஏற்றினாலோ உடம்பில் நீர் குறைந்தாலோ சிறுநீரகத்தில் படிந்துவிடும். அதனால் சிறுநீரை அளந்து நோட்டில் எழுதச் சொன்னார்கள். இரவு இரண்டு மணி வேளைக்குச் சொட்டு எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இந்த மருந்து இல்லாத காலத்தில் இந்த நோய் வந்த பத்துப் பேரில் ஏழு பேர் இறந்துபோனார்களாம். அந்த மருந்து பிறந்த ஆய்வுக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ட்ரூட் எலியன் என்ற பெண்மணி, 1988-இல் நோபல் பரிசு வாங்கியவர் என்று பயிற்சி டாக்டர் ஒருவர் சொன்னார். அன்று முதல் அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் சாமி கும்பிட்டேன்.

உதட்டோரத்தில் கொப்புளம் வருமே, அதே வைரஸ்தான் இது என்று தெரிந்ததும் மாமியார் உடைந்துபோனார். அதற்கு முந்தின மாதம் அவருக்கு அப்படி வந்திருந்தது. பெரும்பாலான மனிதர்களின் உடம்பில் இது இருக்கிறது, மூளைக்குப் போவது மிக அரிது, யாரும் கொடுத்ததென்று சொல்ல முடியாது என்று டாக்டர் அவர் கையைப் பிடித்துச் சொன்னார். அத்தை பிறகும் பல நாள் பாப்பாவுக்கு முத்தம் கொடுக்கவில்லை.

முதல் படத்தில் ஒன்றும் இல்லை என்று நம்பி ஏமாந்தேன். இரண்டாவது படத்தில் எல்லாம் போய்விட்டது என்று நம்பியும் ஏமாந்தேன். எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கைப்பேசியில் படம் பிடித்து, மருந்துக்கடையில் வேலை செய்யும் உறவினர் ஒருவருக்கு அனுப்பினேன். "இவ்வளவு இடம் போய்விட்டதென்றால் இனிப் பேச்சு வராது, படுக்கைதான்" என்றார். மூன்று இரவு நான் கண்ணை மூடவில்லை. போதாக்குறைக்கு, படத்தில் வலது பக்கம் வெளுத்திருந்ததால் வலது மூளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நோயாளி நமக்கு எதிரே நிற்பது போல் படத்தை வைப்பார்கள். நோயாளியின் இடது, படத்தின் வலதில் இருக்கும், ஓரத்தில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். இடது மூளைதான் உடம்பின் வலது பக்கத்தை இயக்குகிறது, வாயும் கையும் வலது பக்கம் இழுத்ததும் அதனால்தான். நான்காம் நாள் டாக்டரிடம் அழுதேன். வெளுத்த இடம் எல்லாமே செத்த இடம் அல்ல, வீக்கமும் அதில் இருக்கிறது என்றார். "படத்தைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். நேற்று உங்கள் விரலைப் பிடித்தாளா? இன்று இறுக்கிப் பிடிக்கிறாளா?" என்றார். இறுக்கித்தான் பிடித்தாள். அறிக்கையை வார்டு டாக்டரிடம் மட்டும் கேளுங்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். படம் எடுத்த இடத்தில் பிலிமோடு, படங்களைப் பதிந்த குறுந்தட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிலிமில் சில படங்கள்தான் இருக்கும், தட்டில் முழுவதும் இருக்கும். பின்னால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நர்சிங் ஹோம் 11,400, வெளியில் எம்.ஆர்.ஐ. மயக்க மருந்து டாக்டரோடு 9,200, இரண்டு பி.சி.ஆர். 10,000, ஆம்புலன்ஸ், சாப்பாடு, ஆட்டோ எல்லாம் சேர்த்து 26 நாளில் 42,000 ரூபாய் போனது. கைக்குட்டையில் முடிந்த அந்தச் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மூன்று மாதம் தையல் மெஷினைத் தொடவில்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எங்களிடம் இருந்தது, வீட்டு அலமாரியில். வெளியே பணம் கட்டுவதற்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் போய், இந்தப் பரிசோதனைக்கு வழி இருக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும். கட்டிய பிறகு ரசீதைக் கொண்டுபோனபோது ஒன்றும் செய்ய முடியவில்லை. அட்டையின் நகலைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஓர் எச்சரிக்கை சொன்னார்கள். சில குழந்தைகளுக்கு, வைரஸ் போன சில வாரங்களில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும். தூக்கம் கெடும், கை கால் தானாக அசையும், குணம் மாறும். அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றே வர வேண்டும் என்றார்கள். மூன்று மாதம் அவள் தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, வரவில்லை. ஆறாம் மாதம் எடுத்த படத்தில் வீக்கம் வற்றி, இடது பக்கம் ஒரு சிறு தழும்பு மட்டும் இருக்கிறது. வலிப்பு மாத்திரை தொடர்கிறது.

இப்போது இரண்டாம் வகுப்புப் போகிறாள். ஓடுகிறாள், சண்டை போடுகிறாள், பாடுகிறாள். பொருள்களின் பெயர்கள்தான் நழுவுகின்றன. சீப்பை "தலையில் இழுக்கிறது" என்றாள், குடையை "மழைக்குப் பிடிக்கிறது" என்றாள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா சொன்னபடி, என் அளவு நோட்டின் பின்பக்கத்தில் அவள் மறந்த சொற்களை எழுதிவைத்து, வந்த சொல்லை அடித்துக்கொண்டு வருகிறேன். சீப்பு, குடை, வெந்தயம், கத்தரிக்கோல் எல்லாம் அடித்தாயிற்று. தோடும் வந்துவிட்டது. ஊக்கு மட்டும் இன்னும் வரவில்லை. அதைக் கேட்டால் பாவாடை மடிப்பைக் கிள்ளிக் காட்டுகிறாள்.